வீட்டுச் சண்டையில் சிக்கித் தவிக்கும் மாணவருக்குப் பள்ளியில் ஆலோசனை: ஆசிரியர்களுக்கு

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை திடீரென்று திங்கட்கிழமைகளில் வராமல் போவது, முதல் பாடவேளையிலேயே தூங்கி வழிவது, பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் சுற்றுவது: மதிப்பெண் சரிவதற்கு முன்பே இவை தெரிந்துவிடும். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கூப்பிடும் விதத்திலேயே பாதி வேலை இருக்கிறது. வகுப்பு நடுவே பெயர் சொல்லி அழைத்தால் மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். விளையாட்டுப் பாடவேளையையும் பறிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை மூச்சு விடுவதே அப்போதுதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய, ஆனால் பேச்சு கேட்காத இடமாகப் பாருங்கள். முதல் சந்திப்புக்கு 30 நிமிடம் போதும்.

உட்கார்ந்ததும் இதைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது என்னோடயே இருக்கும். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னை அடிக்கிறாங்க, தப்பா நடந்துக்கிறாங்கன்னாலோ, நீ வேற யாரையாவது காயப்படுத்திடுவன்னாலோ நான் உதவி கேட்டே ஆகணும்." எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மொத்தமாகச் சத்தியம் செய்தால், பின்னால் அதை மீற நேரும், பிள்ளை அதன் பிறகு வாயே திறக்காது.

"வீட்ல என்ன பிரச்சினை?" என்றால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின? சாப்பிட்டியா? சண்டை வந்தா நீ எங்க இருப்ப? தம்பி, தங்கச்சியை யாரு பாத்துக்குவா?" என்று கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். பிள்ளை நம்பும் ஒரு பெரியவரை வரவழைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

பெற்றோரைச் சேர்த்துவைப்பது உங்கள் வேலையல்ல. பல ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான்: நல்லெண்ணத்தில் பஞ்சாயத்துப் பேசப் போய், கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஆளாகிவிடுகிறார்கள். பிள்ளையைச் சண்டையின் நடுவிலிருந்து விலக்குவதே நோக்கம். தூது போகாமலிருக்க ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "அதை நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, எனக்குப் படிக்கணும்." அடிதடி நடக்கும் வீட்டில் இதைச் சொல்லச் சொல்லாதீர்கள், அடி பிள்ளை மேல் திரும்பும். அங்கே தேவை பாதுகாப்புத் திட்டம்: குறுக்கே பாயக்கூடாது, எந்த வீட்டுக்குப் போவது, யாருடைய எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது, 1098-ஐ (குழந்தைகள் உதவி எண்) எப்போது அழைப்பது. தாய் அடிபடுகிறார் என்றால் அவருக்கு 181 (பெண்கள் உதவி எண்).

பெற்றோரைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். "உங்க பொண்ணு சொன்னா" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அன்றிரவே அதற்கு வீட்டில் பதில் கிடைத்துவிடும். பள்ளி கண்டதை மட்டும் சொல்லுங்கள்: இத்தனை நாள் வரவில்லை, வகுப்பில் தூங்குகிறாள். கேட்க வேண்டியவை இரண்டுதான்: பிள்ளை வழியாகச் செய்தி அனுப்பாதீர்கள், இரவில் படிக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் சத்தம் வேண்டாம்.

பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தால் இந்த வரிசையெல்லாம் கிடையாது. போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்), 2012-இன் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். பெற்றோரை அழைத்து விசாரிப்பதோ, பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதோ வேண்டாம்.

முதல் மாதம் வாரம் ஒரு முறை 20 நிமிடம் பாருங்கள். குறிப்பேட்டில் நான்கு வரி போதும். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், ஆசிரியர் அறையில் பெயர் அடிபட வேண்டாம். ரெக்கார்டு நோட்டு, ஹால் டிக்கெட் போன்றவற்றைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். சண்டையில் முதலில் கிழிவது அவைதான். ஏப்ரலில், பள்ளி மூடுவதற்கு முன், மே மாதத்தில் எந்த உறவினர் வீட்டில் இருக்கலாம், யாரை அழைக்கலாம் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிவைத்துவிடுங்கள்.