இம்ப்ளான்டுக்கு நாள் குறிக்கும் முன்பே வாசக்டமியைப் பேசிவிடுங்கள்

விறைப்பு வராததால் ஆணுறுப்புக்குள் இம்ப்ளான்ட் என்ற கருவியை வைக்க வருகிறவர்கள் டாக்டரிடம் செலவைக் கேட்பார்கள், வெளியே தெரியுமா என்று கேட்பார்கள், எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பார்கள். கருத்தடையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். டாக்டர் நகர்ந்த பிறகு என் பக்கம் சாய்ந்து, "பிரதர், இதுக்கப்புறம் குழந்தை உண்டாகுமா?" என்பார்கள். யூராலஜி தியேட்டரில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. உண்டாகும். இம்ப்ளான்ட் விறைப்புக்கு மட்டும்தான். விந்தணு உற்பத்தியாவதையோ, விந்து வெளிவருவதையோ அது தடுப்பதில்லை. குழந்தை போதும் என்று இருவரும் முடிவெடுத்திருந்தால், அதற்கான ஏற்பாட்டை இம்ப்ளான்டுக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

முதலில் வாசக்டமி, அதாவது விந்தணு வரும் விந்துக்குழாயைக் கட்டி வெட்டும் ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், தேவையா என்று பாருங்கள். நம்மூரில் கடைசிப் பிரசவத்தோடு மனைவிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்திருக்கும். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியதில்லை. மனைவிக்கு மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் வேண்டியதில்லை. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதாக எடுத்தவர்களுக்கு அந்த ஆபரேஷனிலேயே விந்துக்குழாய் துண்டிக்கப்பட்டிருக்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். உச்சம் வந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் பரிசோதித்துப் பார்த்து முடிவு சொல்வார்.

சரி, தேவைதான் என்றால் ஏன் முன்பே? மூன்று பாகம் கொண்ட இம்ப்ளான்டில் இரண்டு சிலிண்டர்கள் உறுப்புக்குள் போகும், சலைன் என்ற உப்புநீர் நிரப்பிய சின்னப் பை அடிவயிற்றில் உட்காரும், பம்ப் விதைப்பைக்குள் இருக்கும். பம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் மேலே ஏறும். வாசக்டமியும் அதே விதைப்பையில்தான் நடக்கிறது. தோலுக்கு மேலே விரலால் உருட்டினால் விந்துக்குழாய் முறுக்கிய சணல் நூல் போலத் தட்டுப்படும். பம்ப் வைத்த பிறகு அதே இடத்தில் உருட்டினால் இம்ப்ளான்ட் குழாயும் விரலில் படும். மரத்துப்போவதற்குப் போடும் ஊசி தவறி அந்தக் குழாயில் ஒரு துளை போட்டாலும் சலைன் கசிந்து கருவி செயலிழந்துவிடும். கிருமித் தொற்று அதைவிட மோசம். கருவியின் மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை, ஊசி எதுவும் உள்ளே எட்டாது. பெரும்பாலும் கருவியையே வெளியே எடுக்க வேண்டிவரும். லட்சக்கணக்கில் செலவழித்து, மனசைத் தேற்றிக்கொண்டு வைத்த கருவி அது.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை இதுதான். முதலில் வாசக்டமி, அப்புறம் மூன்று மாத இடைவெளி, விந்துப் பரிசோதனை, அதன் பிறகு இம்ப்ளான்ட். கத்தியில்லாத நவீன வாசக்டமி அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார விழா நடக்கும். இம்ப்ளான்ட் இன்னும் வைக்காதவர் தாராளமாக அங்கே போகலாம். சின்னத் துளை, தையல் இல்லை, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிலருக்கு உள்ளே ரத்தம் கட்டி வீங்கும், சிலருக்குச் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்படும். அந்த வீக்கத்துக்குள் யாரும் பம்ப் வைக்க மாட்டார்கள். மூன்று மாதம் என்றால் அதெல்லாம் வற்றி, திசு பழையபடி மிருதுவாக நேரம் கிடைக்கும்.

மூன்று மாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாசக்டமி செய்த அன்றே கருத்தடை ஆகிவிடாது. வெட்டிய இடத்துக்கு மேலே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற ஏறக்குறைய 20 தடவையாவது விந்து வெளிவர வேண்டும். இம்ப்ளான்ட் வைத்தால் பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் உறவு கூடாது. வாசக்டமி முடிந்த இரண்டாவது வாரத்திலேயே இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டால் காலண்டரில் மூன்று மாதம் ஓடிவிடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். விறைப்பு இல்லாமல் சாம்பிள் எப்படித் தருவது என்று கேட்பார்கள். விறைக்காமலும் விந்து வரும், தரலாம். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை காண்டம்தான் துணை. காத்திருக்கும் இந்த மாதங்களில் சர்க்கரையையும் இறக்கிக்கொள்ளலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் இம்ப்ளான்டைத் தள்ளிப்போடுவார்கள்.

கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஓனர் வந்திருந்தார். நாற்பது வயசுகூட ஆகவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஷேவிங் பண்ணும்போதுதான் கேட்டார். மனைவிக்கு இரண்டு சிசேரியன், இன்னொரு ஆபரேஷனுக்கு அந்த அம்மா தயாரில்லை. டாக்டரிடம் சொன்னேன். இருவரையும் உட்காரவைத்துப் பேசி, கையெழுத்து வாங்கி, மறுநாள் இம்ப்ளான்டுக்காகத் திறந்த அதே வெட்டின் வழியாக இரண்டு பக்கமும் விந்துக்குழாயைக் கட்டி வெட்டிவிட்டு, அப்புறம் பம்பை உள்ளே வைத்தார். தனி ஊசி இல்லை, தனித் துளை இல்லை. இப்படி ஒரே மேசையில் செய்ய எல்லா சர்ஜனும் ஒப்புக்கொள்வதில்லை; கூடுதல் நேரம் தொற்றுக்கு வழிவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள் என்கிறேன். இப்படிச் செய்துகொண்டவர்களுக்கும் அந்த 20 தடவைக் கணக்கு, கருவியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். காண்டம் போட இம்ப்ளான்ட் தடையில்லை.

ஏற்கெனவே பம்ப் வைத்தாகிவிட்டதா? பயப்பட வேண்டாம், வாசக்டமி அப்போதும் முடியும். ஆனால் அவசரம் கூடாது. வீக்கம் வடிந்து, கருவி சரியாக வேலை செய்து, பம்பைச் சுற்றிச் சதை உறைபோல வளர்ந்த பிறகுதான் அந்த இடத்தைத் தொட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்குப் போகாதீர்கள். அங்கே இருப்பவர் வாசக்டமியில் கைதேர்ந்தவராகவே இருப்பார், ஆனால் பம்ப் வைத்த விதைப்பையைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. இம்ப்ளான்ட் வைத்த சர்ஜனிடமே போங்கள். கருவியின் காற்றிறக்குவது போலச் சலைனை முழுதாக இறக்கிவிட்டு, பம்பை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து, இம்ப்ளான்ட் குழாய் எது, விந்துக்குழாய் எது என்று தடவிப் பார்த்துத்தான் ஊசி போடுவார். ஆன்டிபயாட்டிக் முன்கூட்டியே கொடுப்பார்கள்.

பம்ப் இல்லாத, வளையும் கம்பி வகை இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு, மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த ஷா இம்ப்ளான்ட் உட்பட, விதைப்பையில் பம்பும் இல்லை, குழாயும் இல்லை. பின்னால் வாசக்டமி செய்வது அவர்களுக்குச் சுலபம். தொற்று பயம் மட்டும் அவர்களுக்கும் உண்டு என்பதால், இம்ப்ளான்ட் இருக்கிறது என்று வாசக்டமி செய்யும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, கருவியோடு கொடுத்த அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.