ஓய்வுக்குப் பிறகு மரக் கடைசல்: மறுபடி பட்டறையில் இறங்குவோருக்கு

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு படித்து, ஆலையில் இரும்பைக் கடையும் லேத் இயந்திரத்தோடு பணிக்காலம் முழுக்கக் கழித்தவர்கள் ஓய்வுக்குப் பின் மரத்துக்கு வருவது இயல்பான ஆசை. அளவெடுக்கும் கண்ணும், சத்தத்தை வைத்தே வெட்டு சரியா என்று சொல்லும் காதும் மரத்திலும் உதவும். கைப்பழக்கத்தில் பாதியை மட்டும் மாற்றியாக வேண்டும். இரும்பில் லேத்தின் டூல் போஸ்ட் என்ற பிடிப்பான் வெட்டும் கருவியைப் பிடித்துக்கொள்கிறது, நுனியை மைய உயரத்துக்கு வைத்து நேராக உள்ளே தள்ளுகிறோம். மரத்தில் அப்படிச் செய்தால் அது சுரண்டல்தான். நார் பிய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும். மரத்தில் உளியின் சாய்முகம் (விளிம்புக்குப் பின்னால் தீட்டிய சரிவு) சுழலும் மரத்தின் மேல் உரசியபடி இருக்க, விளிம்பு மையத்துக்குச் சற்று மேலே சீவ வேண்டும். சாய்முகம் தொடாமல் விளிம்பு மட்டும் மரத்தைத் தொடும் நொடியில்தான் உளி கடித்து இழுக்கிறது. பயந்து கைவிடும் பலருக்கும் சிக்கல் இந்த ஓரிடத்தில்தான்.

வீட்டில் பழைய இரும்பு லேத் இருந்தாலும் அதில் மரம் கடைய வேண்டாம். அதன் வேகம் பொதுவாக மரத்துக்குப் போதாது. மரத்தூள், லேத்தின் பாகங்கள் நகரும் வழித்தடத்தின் எண்ணெயோடு சேர்ந்து பசையாகும், ஈரத்தை இழுத்து வைத்துத் துருப்பிடிக்க வைக்கும். 10 முதல் 12 அங்குல விட்டமும், மரத்தை இரு முனையிலும் பிடிக்கும் சென்டர்களுக்கு இடையே 18 அங்குல நீளமும் எடுக்கும் சிறிய மர லேத், ¾ எச்.பி. மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, இரு பக்கமும் மோர்ஸ் டேப்பர் 2 (சென்டர்கள் செருகும் கூம்புத் துளையின் அளவு). வீட்டுப் பொருள்களுக்கு இது தாராளம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கை இருக்கும் உயரத்தில் சென்டர் வரவேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். தேவைப்பட்டால் ஸ்டாண்டின் கீழே கட்டை கொடுத்து உயர்த்துங்கள். ஸ்டாண்டின் அடித்தட்டில் மணல் மூட்டை வைத்தால் அதிர்வு அடங்கும். எர்த் இணைப்பைச் சரிபார்க்காமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

லேத்தில் மிச்சம் பிடித்தாவது சாணைக்குச் செலவிடுங்கள். மழுங்கிய உளியை அழுத்தித்தான் வெட்ட முடியும், அழுத்தினால் கட்டுப்பாடு போகும். வேண்டியது 8 அங்குல பெஞ்ச் கிரைண்டர், முடிந்தால் 1440 ஆர்.பி.எம். ஓடுவது, 80 எண் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல். கடையில் கூடவே தரும் சாம்பல் நிறக் கல் சீக்கிரம் சூடேற்றும். ரஃபிங் கௌஜுக்கு (சதுரத்தை உருண்டையாக்கும் குழி உளி) 45 டிகிரி, ஸ்பிண்டில் கௌஜுக்கு (வளைவுகளுக்கான சிறிய குழி உளி) 35 முதல் 40, ஸ்கியூ உளிக்கு (விளிம்பு சாய்ந்த தட்டை உளி) இரு பக்கமும் சேர்த்து 35 முதல் 40. தீட்டுமுன் சாய்முகம் முழுவதும் மார்க்கர் மை பூசுங்கள். கல்லை ஓடவிடாமல் கையால் ஒரு சுற்று உருட்டிப் பாருங்கள். மை விளிம்புப் பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம், அடிப்பக்கம் மட்டும் அழிந்தால் குறைவு, முழுவதும் அழிந்தால் சரி. ஹை ஸ்பீட் ஸ்டீல் உளி சூடானால் தண்ணீரில் முக்க வேண்டாம், நுண்விரிசல் வரலாம், காற்றிலேயே ஆறட்டும். பழைய கார்பன் ஸ்டீல் உளி மட்டும் நீலம் பாய்ந்தால் கடினம் இழந்துவிடும், அதை அடிக்கடி நீரில் தொட்டுத் தொட்டுத்தான் தீட்ட வேண்டும். விளிம்பை விளக்கடியில் பிடித்துப் பார்க்கையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல். கூரான விளிம்பில் ஒளி தங்காது. சுருள் சுருளாக வந்த சீவல் தூளாக மாறுவதும் அதே அறிகுறி.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் லேத் அருகே ஆகாது. முழங்கைக்கு மேல் நிற்கும் சட்டை, இறுக்கமான கால்சட்டை, மூடிய காலணி. மணிக்கட்டுக் கயிறு, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். கையுறை போட்டால் சுழலும் மரம் அதைப் பிடித்துக் கையோடு இழுக்கும். கண்ணாடி அணிபவரும் முகம் முழுவதையும் மூடும் கவசத்தை அதன்மேல் போடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது என்-95 முகக்கவசம் கட்டாயம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறு வெட்டும் நிற்காமல் கசியும். கட்டுத்துணியும் பஞ்சும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் இயந்திரத்தை ஓட்டுங்கள். பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் சுழலும் மரம் நிற்பதுபோல் தோன்றக்கூடும், மினுக்காத எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் மேடுபள்ளத்தின் நிழலும் நன்றாகத் தெரியும்.

முதல் வேலைக்குச் சப்பாத்திக் கட்டையே போதும். 1¾ அங்குலச் சதுரம், 12 அங்குல நீளம், முடிச்சில்லாத மா அல்லது வேம்பு. இரு முனையிலும் மூலைவிட்டம் போட்டு மையம் குறியுங்கள். மரத்தைச் சுழற்றும் டிரைவ் சென்டரை லேத்தில் வைத்து அழுத்தாமல், வெளியே எடுத்து மரச் சுத்தியலால் மரத்தில் அடித்து இறக்குங்கள். லேத்தின் சுழல்தண்டுப் பேரிங் தப்பிக்கும். மறுமுனைக்கு, மரத்தோடு சேர்ந்து சுழலும் ரிவால்விங் சென்டர். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி நிற்கட்டும். ஸ்விட்ச் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்தில் விட்டத்தை ஆர்.பி.எம்.மோடு பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வரலாம். 1½ அங்குலக் கட்டைக்கு அது 4000 முதல் 6000 வரை அனுமதிக்கும், ஆனால் கை பழகும்வரை அவ்வளவு தேவையில்லை. சதுரமாக இருக்கும்போது 800, உருண்டையானதும் 1500 முதல் 2000. 10 அங்குலக் கிண்ணத்துக்கோ 600 முதல் 900 தான், சமநிலை இல்லாவிட்டால் அதற்கும் கீழே.

முதலில் உளி ரெஸ்ட்டில் படியவேண்டும், பிறகு சாய்முகத்தின் பின்பகுதி மரத்தில் உரசவேண்டும், அதன்பிறகே கைப்பிடியை மெல்ல உயர்த்தி விளிம்பை வெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசை எந்த உளிக்கும் மாறாது. ரஃபிங் கௌஜால் முனையிலிருந்து உள்ளே போகாதீர்கள், மூலை சிம்பாகப் பெயர்ந்து பறக்கும். முனைக்கு 2 அங்குலம் முன்னே தொடங்கி வெளிப்பக்கம் சீவி, பிறகு அடுத்த 2 அங்குலம் பின்வாங்கித் தொடருங்கள். உருண்டையானதும், 2 அங்குலத்துக்கு ஓர் இடமாகப் பார்ட்டிங் டூலால் (பள்ளம் இறக்கும் குறுகிய உளி) காலிப்பரில் வைத்த விட்ட அளவுக்கு இறக்கி, இடைப்பட்ட மேடுகளை ஸ்கியூ உளியால் சமன் செய்யுங்கள். ஸ்கியூவில் விளிம்பின் கீழ்ப்பாதி மட்டும் வெட்டட்டும். மேல் நுனி மரத்தைத் தொட்டால் அந்தக் கணமே கடித்து, கட்டையில் சுருள் காயம் விழும். அலங்கார வளைவுகளில் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு இறங்கியே வெட்டுங்கள். அப்போது ஒவ்வொரு நாருக்கும் அடியில் இன்னொரு நார் தாங்கலாக இருக்கும்.

அடுத்து பேரப்பிள்ளைக்குப் பம்பரம். இதற்குக் கட்டையை ஒரு முனையில் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் வேண்டும். 2¼ அங்குலக் கட்டையின் ஒரு முனையில் கால் அங்குல நீளத்துக்குக் குறுகிய கழுத்து கடைந்து சக்கில் பிடியுங்கள். கழுத்தின் தோள் (கழுத்து தொடங்கும் படி) தாடையின் முகத்தில் உட்கார வேண்டும், கழுத்தின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் கட்டை ஆடும். சக் சாவியை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஆணித் துளையை டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் சுழலாத மறுமுனைப் பகுதி) டிரில் சக் மாட்டியே போடுங்கள், கையால் போட்ட துளை மையம் விலகி, பம்பரம் நிலைகொள்ளாமல் ஆடும். துளை ஆணியைவிட அரை மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் இறுக்கமும் வரும், மரமும் பிளக்காது. சாட்டை நிற்க, கூம்பில் ஸ்கியூ நுனியால் நான்கைந்து கோடுகள் போதும்.

கிண்ணம் கடைவதை இவற்றில் கை நின்ற பிறகு தொடங்குங்கள். அதில் ரஃபிங் கௌஜை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கைப்பிடிக்குள் செல்லும் அதன் மெல்லிய வால் முறிந்து தெறிக்கும். அதற்கென்றே பவுல் கௌஜ் இருக்கிறது.

மரத்தை மரவாடித் துண்டுகளிலும், தெருவில் வெட்டிப் போட்ட கிளைகளிலும் தேடலாம். பூவரசும் மாவும் அருமையாகக் கடையும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். அரளி நச்சு, தொடவே வேண்டாம். தெருவோர வேம்பில் விளம்பரத் தட்டி ஆணிகள் புதைந்திருக்கும், காந்தம் வைத்துத் தேடிவிட்டே லேத்தில் ஏற்றுங்கள். பச்சை மரமானால் வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசுங்கள். முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறுவதால்தான் விரிசல் வருகிறது. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காயவேண்டும்.

மெருகுக்கு 120, 180, 240, 320 என்று எண் தாண்டாமல் உப்புத்தாள் போட்டு, வேகத்தைக் குறைத்துத் தேய்த்தால் சூட்டு விரிசல் வராது. நம் ஊர் மரச் சொப்புச் சாமான்களின் பளபளப்பு வேண்டுமென்றால் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துங்கள். உரசல் சூட்டில் உருகிப் படியும் அரக்கைத் தாழை ஓலையால் அழுத்தி ஓட்டினால் கண்ணாடி போலாகும். சப்பாத்திக் கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காய்ந்து படலமாகாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசுங்கள். ஓடும் லேத்தில் துணியால் பூசக் கூடாது, கிழிந்துவிடும் மெல்லிய காகிதமே சரி. ஆளிவிதை எண்ணெய் பூசினால், தொட்டுத் துடைத்த காகிதத்தையோ துணியையோ சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ வெளியில் விரித்துக் காயவிட்டோ பிறகு எறியுங்கள்.