கன்னாபிடயாலும் பேச்சு சிகிச்சையும்: முன்னாள் படைவீரரின் பிடிஎஸ்டிக்கு இரண்டையும் சேர்த்துக் கையாள்வது எப்படி

பிடிஎஸ்டி என்பது போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் விடாமல் தொடரும் மனப்பாதிப்பு. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்து எண்ணெயாகக் குடிக்கும் கன்னாபிடயாலையும் ‘சிபிடி’ என்கிறார்கள், எண்ணம்–நடத்தை சார்ந்த பேச்சு சிகிச்சையையும் ‘சிபிடி’ என்கிறார்கள். மருத்துவச் சீட்டில் இந்தச் சுருக்கம் இருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு, முழுப்பெயரை எழுதி வாங்குங்கள்.

இரண்டில் எது முதல் என்பதிலும் தெளிவு வேண்டும். பேச்சு சிகிச்சைக்குப் பல ஆண்டுச் சான்று இருக்கிறது. கன்னாபிடயாலுக்கு அவ்வளவு இல்லை. அமெரிக்காவில் 2018இல் அது மருந்தாக அனுமதி பெற்றது சில வகை வலிப்பு நோய்களுக்குத்தான். அங்கே முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறை, பிடிஎஸ்டிக்குக் கஞ்சாச் செடியிலிருந்து வரும் எதையும் வேண்டாம் என்றே சொல்கிறது. பிறகு ஏன் சேர்த்துப் பார்க்கிறார்கள்? பழைய பயம் மனதிலிருந்து அழிவதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் படிகிறது. அந்தப் பாடம் நன்றாகப் படியக் கன்னாபிடயால் துணை செய்யக்கூடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பேச்சு சிகிச்சையே இல்லாமல் எண்ணெயை மட்டும் குடிப்பவருக்குப் படிவதற்குப் பாடமே கிடையாது.

ஆகவே மனநல மருத்துவர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு கிட்ட இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை உள்ளவர்கள் பாலிகிளினிக் வழியாகப் பரிந்துரை வாங்கலாம். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கன்னாபிடயால் கல்லீரலில் மற்ற சில மருந்துகளின் சிதைவைத் தடுக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு வரலாம். வலிப்புக்குக் குளோபசாம் சாப்பிடுபவர் பகலெல்லாம் தூங்கி வழிவார். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும். கன்னாபிடயால் தொடங்கும் முன் ஒரு கல்லீரல் பரிசோதனை, பிறகு 1, 3, 6 மாதங்களில் என்று எடுக்க வேண்டும். ராணுவக் கேன்டீன் கோட்டா ரம்மைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் கல்லீரல்தான் விலை கொடுக்கும்.

பாட்டிலுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாப் பூவும், செடியின் பிசினான சரஸும் குற்றம். தனி இலை அந்த வரையறைக்குள் வராது. அதனால் இலைச் சாறு ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு விற்கிறது. லேபிளில் ‘1500 மி.கி. விஜயா சாறு’ என்றிருந்தால் அது 1500 மி.கி. கன்னாபிடயால் ஆகாது. அந்தத் தொகுதி எண்ணுக்கான ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். கன்னாபிடயால் எவ்வளவு, கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி எவ்வளவு, ஈயம் போன்ற உலோகங்கள் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டிஎச்சி கூடினால் படபடப்பும் சந்தேக எண்ணமும் ஏறும், சிறுநீர்ச் சோதனையிலும் தெரியும். செக்யூரிட்டி வேலையிலோ டிரைவர் வேலையிலோ இருப்பவருக்கு வேலையே போய்விடலாம். அறிக்கை தராத கடையில் வாங்க வேண்டாம்.

அளவை மருத்துவர் சொல்வார், அளக்க வேண்டியது நீங்கள். 30 மி.லி. பாட்டிலில் 1500 மி.கி. கன்னாபிடயால் இருந்தால் 1 மி.லி.க்கு 50 மி.கி. 25 மி.கி. என்றால் அரை மி.லி. சொட்டு எண்ணாமல் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் எடுங்கள், சொட்டு ஒருநாள் பெரிதாக விழும், ஒருநாள் சிறிதாக விழும். அளவு கூடினால் பலன் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். மேடைப் பேச்சுப் பயத்தை வைத்து நடந்த ஒரு சோதனையில் 300 மி.கி. பலன் தந்தது, 150உம் 600உம் தரவில்லை. இன்னொன்று, கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால் ரத்தத்தில் சேரும் அளவு ஏறக்குறைய 4 மடங்காகும். இன்று இட்லி, நாளை நெய் மிதக்கும் பொங்கல் என்று மாற்றினால் மருந்தளவையே மாற்றியது போல. தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி சாப்பாடு என்று வையுங்கள்.

இனி உண்மையான வேலை. நீள் எதிர்கொள்ளல் என்ற பேச்சு சிகிச்சை முறையில் வாரம் ஒன்றாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். “குண்டு விழுந்துச்சு” என்றால் அது கதை. “குண்டு விழுது, மண்ணு வாய்க்குள்ள போகுது” என்றால்தான் உடம்பு அங்கே போகும். ஆணைச் சொற்கள் இந்தியில் வந்தால் இந்தியிலேயே வரட்டும், தமிழாக்கச் சொல்லி நிறுத்தாதீர்கள். 30–45 நிமிடம் சொன்னதை போனில் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். குடிசைமாற்று வாரிய வீட்டில் ஒரே அறை, பக்கத்துச் சுவருக்குக் காது உண்டு. இயர்போனோடு மொட்டை மாடியில் உட்காரலாம், கோப்புக்குக் கட்டாயம் பூட்டு போடுங்கள். பிள்ளைகள் கையில் அந்தக் குரல் கிடைக்கக் கூடாது.

வெளியே போய்ச் செய்யும் பயிற்சிக்கு 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் போட்டு ஏணி அமைக்கவும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்பது 30. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரனைக் கேட்டபடி நடப்பது 45. விடியற்காலை காசிமேட்டு ஏலக் கூட்டத்துக்குள் நிற்பது 60. தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைக் கூட்டத்தில் முதுகுப்புறம் சுவர் இல்லாமல் நிற்பது 85. சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும் சாவு ஊர்வல வெடி பலருக்கு 100. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, மதிப்பெண் பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் ஓடிவந்தால் ‘ஓடியதால் பிழைத்தேன்’ என்பதை மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது.

அதிகம் கெடுவது இங்கேதான். எம்.சி. ரோட்டுக்குள் நுழையும் முன் பாக்கெட்டிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிப்பார்கள். வாயால் குடித்த எண்ணெய் உச்சத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும், அந்த நிமிடத்தில் அது ஒன்றும் செய்திருக்காது. ஆனால் மனம் ‘எண்ணெய்தான் காப்பாற்றியது’ என்று கணக்கெழுதிவிடும். மருந்து தாயத்தாகிவிடும், அடுத்த முறை பாட்டில் இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அதனால் பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். பதறும்போது குடிக்கும் மருந்து அல்ல இது, கடிகாரம் பார்த்துக் குடிப்பது. அமர்வில் தூங்கி விழுந்தால், வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால், கண் மஞ்சளானால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நினைவுகளைத் தொட்ட முதல் சில வாரம் கெட்ட கனவுகள் கூடலாம், அதற்காக அளவை நீங்களே ஏற்ற வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்). வீட்டில் உரிமத் துப்பாக்கி இருந்தால் சிகிச்சை முடியும்வரை அது வேறு இடத்தில் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை, பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 வினாத்தாளை நிரப்புங்கள். 20 கேள்வி, மொத்தம் 80. 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்கத்தக்க மாற்றம். 6 வாரம் ஆகியும் அசையாவிட்டால், வீட்டில் பதிவைத் தினமும் கேட்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். எண்ணெய் பற்றிய கேள்வி அதற்குப் பின்னால்தான்.

அமர்வுகள் முடிந்தபின் எண்ணெயை மருத்துவர் சொல்படி குறைத்து நிறுத்துங்கள். நிறுத்தி இரண்டு வாரம் கழித்து, சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டு, ஏணியின் மேல்படிகளை மீண்டும் ஏறுங்கள். எம்.சி. ரோட்டில் அதே இடத்தில், அதே கூட்டத்தில் நின்று, நுழையும்போது என்ன மதிப்பெண், கிளம்பும்போது என்ன மதிப்பெண் என்று பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.