நான்கு எண்களை வைத்து ஒரு மருத்துவ ஆய்வைப் படிப்பது எப்படி?

ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும் பி-மதிப்பு (முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்க உதவும் எண்; படி 6-இல் விளக்கம்) 0.05-க்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும் பழக்கம் பல மாணவர்களிடம் இருக்கிறது. மருந்து எவ்வளவு உதவியது என்பதுதான் நோயாளிக்குத் தேவையான செய்தி. அது பி-மதிப்பில் கிடைக்காது. சாதாரண கால்குலேட்டர் இருந்தால் நீங்களே அதைக் கணக்கிட்டுவிடலாம்.

பயிற்சிக்கு உண்மையான ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நுரையீரல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து உதவுகிறதா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வு, 1948-இல் வெளிவந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர்கள் தீர்மானிக்கவில்லை. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களை வைத்துப் பட்டியல் தயாரித்து, முத்திரையிட்ட உறைகளில் போட்டுவைத்தார். மருந்து அப்போது மிகக் குறைவாகவே கிடைத்ததால், ஒரு பகுதியினருக்குத் தராமல் ஒப்பிடுவதை நியாயப்படுத்தவும் முடிந்தது.

படி 1: கட்டம் போடுங்கள்

ஆறு மாத முடிவில் நிலவரம் இது:

மருந்துக் குழு: இறந்தவர்கள் 4, உயிரோடு இருந்தவர்கள் 51, மொத்தம் 55
ஒப்பீட்டுக் குழு: இறந்தவர்கள் 14, உயிரோடு இருந்தவர்கள் 38, மொத்தம் 52

எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முதலில் இந்த நான்கு எண்களை (இங்கே 4, 51, 14, 38) தேடி எடுத்துத் தாளில் எழுதுங்கள். சில கட்டுரைகளில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். அப்போது குழுவின் மொத்த எண்ணிக்கையால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

படி 2: ஒவ்வொரு குழுவின் ரிஸ்க்

ரிஸ்க் என்பது குழுவில் இறந்தவர்களின் பங்கு. மருந்துக் குழுவில் 4 ÷ 55 = 0.073, அதாவது 7.3%. ஒப்பீட்டுக் குழுவில் 14 ÷ 52 = 0.269, அதாவது 26.9%. அவ்வளவுதான்.

படி 3: வகுத்தும் பாருங்கள், கழித்தும் பாருங்கள்

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். முதல் ரிஸ்க்கை இரண்டாவதால் வகுத்தால் 0.27. "மரண ரிஸ்க் 73% குறைந்தது" என்று எழுதலாம், தவறில்லை. கழித்தால் 26.9 − 7.3 = 19.6 சதவீதப் புள்ளிகள். இதுவும் அதே தரவுதான்.

இரண்டும் ஏன் வேண்டும்? இதைவிடப் பத்து மடங்கு குறைந்த ரிஸ்க் உள்ள ஒரு நோயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: ஒப்பீட்டுக் குழுவில் 2.69%, மருந்துக் குழுவில் 0.73%. வகுத்தால் அப்போதும் அதே 0.27, அதே "73% குறைவு". கழித்தால் வெறும் 1.96 புள்ளிகள். தலைப்புச் செய்திகளில் பெரும்பாலும் வகுத்த எண்தான் வரும். கழித்த எண்ணைச் சொல்லாமல் வகுத்த எண்ணை மட்டும் சொல்வது நோயாளிக்குச் செய்யும் நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 4: ஒருவரைக் காப்பாற்ற எத்தனை பேருக்கு மருந்து?

படி 3-இல் கழித்து வந்த வித்தியாசத்தால் (19.6 புள்ளிகள், அதாவது 0.196) 1 என்ற எண்ணை வகுங்கள்: 1 ÷ 0.196 = 5.1. மேல்நோக்கி முழுமையாக்குவது வழக்கம் என்பதால் 6. அதாவது ஏறக்குறைய 6 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், ஆறு மாதத்தில் ஒரு மரணம் தடுக்கப்படும். இந்த எண்ணிக்கையை என்.என்.டி (Number Needed to Treat) என்பார்கள். படி 3-இன் கற்பனை நோய்க்கு இது 52 ஆகிவிடும். கால அளவைச் சொல்லாத என்.என்.டி-க்குப் பொருளே இல்லை. "ஆறு மாதத்தில்" என்பதை விட்டுவிடாதீர்கள்.

படி 5: நம்பக இடைவெளி

107 பேரை மட்டும் பார்த்துக் கிடைத்த 19.6 அப்படியே துல்லியமான உண்மையாக இருக்காது. எவ்வளவு தூரம் அசையக்கூடும் என்று பார்க்க, முதலில் திட்டப் பிழையைக் கணக்கிடுவோம். ஒவ்வொரு குழுவுக்கும் ரிஸ்க் × (1 − ரிஸ்க்) ÷ ஆட்களின் எண்ணிக்கை:

0.073 × 0.927 ÷ 55 = 0.0012
0.269 × 0.731 ÷ 52 = 0.0038

கூட்டினால் 0.0050; வர்க்கமூலம் எடுத்தால் 0.071. இதை 95% இடைவெளிக்கான வழக்கமான பெருக்கெண் 1.96-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.139, அதாவது 13.9 புள்ளிகள். 19.6-இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால், 95% நம்பக இடைவெளி (உண்மையான பலன் இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 6 முதல் 34 புள்ளிகள் வரை.

பூஜ்யம் (மருந்தால் வித்தியாசமே இல்லை என்ற நிலை) இதற்குள் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 6 புள்ளிதான் உண்மை என்றால் ஒருவரைக் காப்பாற்ற சுமார் 17 பேருக்கு மருந்து தர வேண்டும். 34 என்றால் மூன்று பேருக்குத் தந்தாலே போதும். பலன் இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் அதன் அளவு இன்னும் தெளிவாகவில்லை. அப்புறம், நான்கு எண்களில் ஏதாவது ஒன்று 4 போலச் சிறியதாக இருக்கும்போது இந்த எளிய சூத்திரம் தோராயமானதுதான். கட்டுரை எழுதுவதாக இருந்தால் மென்பொருளில் வில்சன் முறையை (சிறிய எண்களுக்கும் பொருந்தும் நம்பக இடைவெளிக் கணக்கு) சார்ந்த கணக்கைப் பயன்படுத்துங்கள்.

படி 6: இப்போது பி-மதிப்பு

இரு குழுக்களின் எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்கச் (chi-square) சோதனையில் இந்தக் கட்டத்துக்குச் சுமார் 0.007 வருகிறது. மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது 1000-இல் 7 தடவை போலத்தான் நடக்கும் என்பது இதன் பொருள். "மருந்து வேலை செய்யாமல் இருக்க 0.7% வாய்ப்பு" என்று இதைப் படிக்கக் கூடாது. தேர்விலும் வார்டிலும் அடிக்கடி நடக்கும் தவறு இது.

படி 7: கட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?

இந்த எண்கள் ஆறு மாதத்தோடு நின்றுவிடுகின்றன. மருந்து பெற்றவர்களில் பலரிடம் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கும் கிருமிகள் உருவானதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. பிறகு காசநோய்க்குக் கூட்டு மருந்துகள் தரப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். அதனால் "எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள்?" என்ற கேள்வியையும் கட்டத்துக்கு அடியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி நீங்கள். எக்ஸ்-ரேயில் கணிசமான முன்னேற்றம் கண்டவர்கள் மருந்துக் குழுவில் 55-இல் 28 பேர், ஒப்பீட்டுக் குழுவில் 52-இல் 4 பேர். படி 2 முதல் 5 வரை செய்து பாருங்கள். வித்தியாசம் சுமார் 43 புள்ளிகள், என்.என்.டி 3, நம்பக இடைவெளி 28 முதல் 58 வரை என்று வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் வர்க்கமூலம் எடுக்க விட்டுப்போயிருக்கும்.