டிஸ்க் மாற்றினால் மாஸ்டர் சிலிண்டரையும் கணக்குப் பாருங்கள்

அம்பாசடரிலோ பத்மினியிலோ முன்பக்க டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டவர்கள் இரண்டு குறைதான் சொல்வார்கள். "பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்க மாட்டேங்குது" என்பது ஒன்று. "பெடல் பாதி தூரம் சும்மா போகுது, அப்புறம்தான் பிடிக்குது" என்பது இன்னொன்று. பிரேக் ஆயில் லைனில் ஏர் இல்லை என்று உறுதியானபின் காலிப்பரை (டிஸ்க்கைப் பேடால் கவ்வும் பாகம்) திட்டிப் பயனில்லை. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பெரும்பாலும் முதல் வண்டியில் அதன் போர், அதாவது உள்விட்டம், பெரிது, இரண்டாவதில் சிறிது.

காலால் 30 கிலோ விசை கொடுக்கிறீர்கள், பெடல் விகிதம் 5 என்றால், பெடலிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் புஷ் ராடில் 150 கிலோ. 3/4 இன்ச் போரின் பரப்பு 2.85 சதுர செ.மீ. ஆக, லைனில் சதுர செ.மீ.க்குச் சுமார் 53 கிலோ அழுத்தம் கிடைக்கும். அதே மிதி 7/8 இன்ச் போரில் 39 கிலோதான் தரும், ஏனென்றால் அதன் பரப்பு 3.88. விட்டம் எட்டில் ஒரு இன்ச் கூடியதற்கு அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. பரப்பு விட்டத்தின் வர்க்கமாக ஏறும் என்பதை மறந்துவிட்டு, "ஒரு சைஸ்தானே கூட" என்று வாங்குவதால்தான் இத்தனை கஷ்டமும்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம்மில், அது சுழலும் திசையை நோக்கி விரியும் ஷூ (டிரம்மை உள்ளிருந்து உரசும் கட்டை) தன்னைத்தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதனால் கூடுதல் அழுத்தம் வேண்டும், அதற்குப் போர் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் காலிப்பர் பிஸ்டன் பெரிது, அது அதிக ஆயில் குடிக்கும், அதற்குப் போர் பெரியதாக இருக்க வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவில் சரியான அளவைப் பிடிப்பதுதான் வேலை.

முதலில் அளவெடுங்கள். காலிப்பர் பிஸ்டனைக் கழற்றி வைத்து, அதன் விட்டத்தை வெர்னியரில் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம். எதிரெதிர் பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் கூட்டுங்கள். நாலு பிஸ்டன் என்று நாலையும் கூட்டி, தேவைக்கு மேல் பெரிய மாஸ்டர் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. மிதக்கும் காலிப்பரில் ஒற்றைப் பிஸ்டனே இரண்டு பேடின் இடைவெளியையும் கடக்கிறது, அதனால் ஆயில் கணக்கும் இந்த முறையிலேயே சரியாக வரும். பெடலில், அது ஆடும் மேல் அச்சிலிருந்து மிதி வரை உள்ள தூரத்தை, அதே அச்சிலிருந்து புஷ் ராடு வரை உள்ள தூரத்தால் வகுத்தால் பெடல் விகிதம். 300 மி.மீ., 60 மி.மீ. என்றால் 5.

ஒரு உதாரணம். முன்னால் 54 மி.மீ. பிஸ்டன், அதன் பரப்பு 2290 சதுர மி.மீ. பிஸ்டன் அரை மி.மீ. நகர்வதாக வைத்தால் இரண்டு சக்கரத்துக்கும் 2.3 சி.சி. பின்னால் டிரம் ஷூவைத் தள்ளும் 3/4 இன்ச் வீல் சிலிண்டர், சக்கரத்துக்கு இரண்டு பிஸ்டன், ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. நகர்ந்தால் 1.7 சி.சி. மொத்தம் 4 சி.சி. இதைத் தள்ள 3/4 போர் மாஸ்டர் 14 மி.மீ. நகர வேண்டும், பெடலில் 70 மி.மீ. 7/8 போரில் பெடல் 52 மி.மீ. இறங்கினால் போதும். 5/8 போட்டால் 101 மி.மீ. பெடலுக்கும் தரைக்கும் 130 மி.மீ. இடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹோஸ் உப்புவதையும் சேர்த்தால் 5/8-ல் பெடல் தரையைத் தொட்டுவிடும். இந்த வண்டிக்கு மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லையென்றால் 3/4, இருந்தால் 7/8 என்பதே எங்கள் தேர்வு.

ஏற்கெனவே டிஸ்க் இருந்து காலிப்பரை மட்டும் மாற்றுகிறீர்களா? கணக்கு இன்னும் சுலபம். 48 மி.மீ. பிஸ்டனிலிருந்து 54-க்குப் போனால் பரப்பு 1.27 மடங்கு. பழைய மாஸ்டர் 3/4 என்றால், 13/16 போட்டால் அதே மிதிக்கு முன்பைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதல் பிடிப்பு. 7/8 போட்டால் 7 சதவீதம் குறைவு. காசு செலவழித்து பிரேக்கைக் குறைத்துக்கொள்வானேன்?

மாஸ்டரின் போரைச் சிறிதாக்கினால் பின் சக்கரத்துக்கும் அழுத்தம் ஏறும். ஐப்பசி மழையில் பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டினால் வண்டி பம்பரம்தான். பின் வீல் சிலிண்டரை 3/4-லிருந்து 5/8 ஆக்கினால் அங்கே விசை 30 சதவீதம் குறையும்.

வாங்கும்போது: சென்னை புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் எடுக்கலாம், பிஸ்டனில் துருப்பள்ளம் இல்லாமல் பார்த்து எடுங்கள். மாஸ்டரைப் பழையதில் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் டார்ச் அடித்து, ரப்பர் கப் ஓடும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடாமல் அது உதவாது. ஒற்றை லைன் மாஸ்டர் இருந்தால் இந்தச் சாக்கில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே அழுத்தம் தரும் இரட்டை லைனுக்கு மாறிவிடுங்கள். அங்கே துளிகூடக் கஞ்சம் வேண்டாம்.

டிரம்முக்கான மாஸ்டரின் வாயில் ஒரு செக் வால்வ் இருக்கும். லைனில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிஸ்க் லைனில் அது இருந்தால் பேட் தேய்ந்துகொண்டே இருக்கும். எடுத்துவிட்டு, பின் டிரம் லைனில் தனியாக, 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் பிடித்து வைக்கும் வால்வ் வையுங்கள். மோரிஸ் மைனர் போல மாஸ்டர் வண்டியின் தரைத் தகட்டுக்குக் கீழே இருந்தால், காலிப்பரிலிருந்து ஆயில் திரும்பி வடியாமலிருக்க முன் லைனில் 2 பி.எஸ்.ஐ. வால்வ் தேவை.

உயிரோடு விளையாடும் ஒரு தவறு திரெட்டில் (பைப் நட்டின் புரியில்) நடக்கிறது. பழைய பிரிட்டிஷ் வண்டியின் 3/8 யு.என்.எஃப். (இன்ச் புரி) நட், புதிய மாஸ்டரின் எம்10 (மி.மீ. புரி) துளையில் கையாலேயே சுழன்று இறங்கும். ஸ்பேனர் போட்டால் இறுகுவது போலவும் தோன்றும். ஆனால் நட் 9.5 மி.மீ., துளை 10, புரி இடைவெளியும் வேறு. அவசரமாக ஓங்கி மிதிக்கும் அன்றுதான் அது பிடுங்கிக்கொள்ளும். பைப்பை வெட்டி, சரியான நட் கோத்து, பைப் நுனியில் அந்த மாஸ்டருக்கு உரிய ஃபிளேரை (விரிந்த வாயை) அடியுங்கள்.

மாட்டியபின் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். அது இல்லாவிட்டால் மாஸ்டரின் ஆயில் டேங்குக்குத் திரும்பும் ஊசித்துளை மூடியே கிடக்கும், கத்திப்பாரா நெரிசலில் ஆயில் சூடாகி விரிந்து பிரேக் தானாகப் பிடிக்கும். சோதனை எளிது: மூடியைத் திறந்து பெடலை மெல்லக் கையால் அழுத்தினால், துவக்கத்திலேயே டேங்கில் ஆயில் ஒரு சிறு ஊற்றாகக் கொப்பளிக்க வேண்டும்.

ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், உப்பிவிடும். பிரேக் ஆயிலே போதும். டாட் 4 தர பிரேக் ஆயில் ஊற்றுங்கள், நம் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டு வருடத்தில் முழுவதும் மாற்றுங்கள்.

ஏர் எடுத்த பிறகு, எஞ்சின் ஓடாத நிலையில் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது கப் தாண்டி ஆயில் போகிறது. இரட்டை லைன் என்றால், முன் சக்கரம் ஒன்றில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து வைத்து, குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் ஆழமாகப் போனாலும் தரையைத் தொடுமுன் பின்பிரேக் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் புஷ் ராடு அளவையும் பின் ஷூ இடைவெளியையும் சரிசெய்து, ஏர் எடுத்து, மறுபடி பாருங்கள். அதுவரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.