டர்போ இன்டேக் பைப்பைக் கூட்டாகச் செய்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வாய்வரை போகும் பைப்பை ஒருவருக்கு மட்டும் செய்யச் சொன்னால், பைப்புக்கு வடிவம் கொடுக்கும் அச்சின் (மோல்டு) செலவே பைப்பின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஆர்டர் கொடுக்கிறார்கள். சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று ஆள் சேர்ப்பது சிரமமே இல்லை. காரை அளக்கும் முன்பே ஆளை எண்ணிவிடுவதில்தான் பெரும்பாலான கூட்டு ஆர்டர்கள் கெட்டுப்போகின்றன.

ஒரே பெயருள்ள கார் எல்லாம் ஒரே கார் இல்லை. போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தபோது 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர். 2020-இலிருந்து அதே பெயரில் வந்தது 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர். 1.3 மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொண்டால் ஸ்விஃப்டில் 75 பிஎஸ் (குதிரைத்திறன்), சாதா டர்போ. சியாஸில் 90 பிஎஸ், விஜிடி டர்போ (உள்ளிருக்கும் தகடுகளின் கோணம் மாறும் வகை). 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது பல இன்ஜின்களின் குழாய் அமைப்பு மாறியது. ஆகவே பெயர் கொடுப்பவரிடம் நான்கு விவரம் வாங்குங்கள்: ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதமும் வருடமும், இன்ஜின் ரகம், பழைய பைப்பில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பர், பானெட்டைத் திறந்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படம். இதைத் தராதவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அளவு எடுப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, கழற்றிய பழைய ரப்பர் பைப்பை அளப்பது. கிளாம்ப் பல வருடம் நசுக்கி, எண்ணெய் பட்டு ஊறிய வாய் அது. அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகு இருந்தே தீரும். அளக்க வேண்டியது டர்போ வாயின் வெளிவிட்டத்தையும் ஃபில்டர் பெட்டி வாயின் வெளிவிட்டத்தையும். வெர்னியர் அளவுகோலை மூன்று கோணத்தில் வையுங்கள். மேடு உள்ள வாயாக இருந்தால் மேட்டில் ஓர் அளவு, அதை அடுத்த சமதளத்தில் ஓர் அளவு என்று இரண்டையும் எழுதுங்கள். சிலிக்கான் ஹோஸின் உள்விட்டம் சமதள அளவுக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்கலாம். கூடுதலாக இருக்கவே கூடாது.

அடுத்தது, உறிஞ்சும் பக்கத்தையும் தள்ளும் பக்கத்தையும் குழப்புவது. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி உதிரிபாகக் கடைகளில் சிலிக்கான் டர்போ ஹோஸ் கிடைக்கும். பார்க்கத் தடிமனாக, உறுதியாக இருக்கும். அதில் பல, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம்) நடுவில், காற்று உள்ளிருந்து வெளியே அழுத்தும் இடத்துக்குச் செய்தவை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் நடப்பது நேர்மாறு. டர்போ இழுக்கும்போது குழாயின் சுவர் உள்ளே ஒட்டப் பார்க்கும். சூடேறிய சிலிக்கான் இன்னும் தளர்ந்து, வளைவில் மடங்கிவிடும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் தெரியாது. மேட்டில் இரண்டாம் கியரில் முழுதாக மிதிக்கும்போது இழுவை திடீரென்று விழும். எனவே சுவருக்குள் சுருள் கம்பி வைத்துச் செய்யச் சொல்லுங்கள், அல்லது வளைவை மட்டும் அலுமினியத்தில் செய்து இரு முனையிலும் ஹோஸ் வையுங்கள். சிலிக்கானுக்கு நான்கு அடுக்குத் துணி, 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் போதும்.

முழுக்க அலுமினியமாகச் செய்வது இன்னொரு பொறி. ஃபில்டர் பெட்டி பாடியோடு இருக்கும், டர்போ இன்ஜினோடு ஆடும். நடுவில் வளைந்து கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் வெல்டிங் ஓரம் விரியும், இல்லையேல் பிளாஸ்டிக் பெட்டியின் வாய் உடையும். இன்ஜின் ஆடுவதை எண்ணி ஃபேன், பேட்டரி, பானெட் எதிலிருந்தும் 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

பிரீதர் ஹோஸ் (இன்ஜினின் எண்ணெய் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) சேரும் கிளைக்குழாயை மறப்பவர்களும் உண்டு. 'அதை வெளியே விட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெய் ஆவி இன்ஜின் அறையில் படியும், புகை விதியும் மீறப்படும். அதே எண்ணெய் ஆவி சாதாரண சிலிக்கானை ஊறவைத்து அடுக்கடுக்காகப் பிரித்துவிடும். உட்சுவருக்கு ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுத வையுங்கள். வாய்வார்த்தையில் விட்டால் விலையைக் குறைக்க முதலில் கைவிடப்படுவது இந்தப் பூச்சுதான்.

பெரிய குழாய் என்றால் பெரிய பவர் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. காற்று அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில், டீசலில் பெரும்பாலும், சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தைத் தொடவே கூடாது. 60 மில்லிமீட்டரை 66 ஆக்கினால் பரப்பு 21 சதவீதம் கூடும். காற்றின் வேகம் ஏறக்குறைய 17 சதவீதம் குறையும், சென்சார் குறைவான காற்று வருவதாகச் சொல்லும். டீசலில் புகைக் கட்டுப்பாடு எரிபொருளைக் குறைத்து, இருந்த இழுவையும் போகும். பெட்ரோலில் கலவை மெலிந்துபோகும். சென்சாருக்குச் சற்று முன்னால் புதிதாக வளைவு வைத்தாலும் அளவீடு ஆடும்.

சட்டப் பக்கத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வாரண்டி இருக்கும் காரில் சிக்கல் வந்தால் கம்பெனி முதலில் கைகாட்டுவது இந்தப் பைப்பைத்தான். பணம் வாங்குவதற்கு முன்பே இதை எல்லோருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ் வாங்கும் முன் மாதிரி ஒன்று ஒவ்வொரு ரகக் காரிலும் ஏறி ஓடியிருக்க வேண்டும். வடிவம் பொருந்துகிறதா என்று பார்க்க பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் போட்டுப் பார்ப்பது மலிவான வழி. ஆனால் 60 டிகிரி வாக்கிலேயே இளகும் பொருள் அது. இன்ஜினை ஓடவிடாமல் பொருத்தம் பார்க்க மட்டும். அதன்பின் உண்மையான பொருளில் ஒரு மாதிரி. சேலத்துக்காரர்களுக்குச் சோதனைக்களம் பக்கத்திலேயே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏற்றம். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் அதே பூஸ்டுக்கு (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் பலமாக இழுக்கும். பலவீனமான பைப் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். காரின் சென்சார் அளவுகளைப் போனில் காட்டும் ஓபிடி அடாப்டர் மாட்டி, பழைய பைப்போடு ஒருமுறை, புதியதோடு ஒருமுறை ஏறுங்கள். கூட்டமில்லாத வார நாள் காலையில், ஏசி போட்டு, பாதையின் வேக வரம்புக்குள். காற்றளவு, பூஸ்ட், பெட்ரோலாக இருந்தால் ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) எல்லாம் பதிவாகட்டும். உரசும் என்று சந்தேகப்படும் இடத்தில் சுண்ணக்கட்டியைப் பூசி வையுங்கள். இறங்கி வந்தபின் அழிந்திருந்தால் அங்கே இடைவெளி போதவில்லை.

இப்போது பணம். இருபது பேர் கை தூக்கியதும் இருபதுக்கு விலை பேசுவது ஆபத்து. அச்சுக்கு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேரென்றால் தலைக்கு 900. பணம் கட்டியது பன்னிரண்டு பேரென்றால் 1,500. பன்னிரண்டுக்கே விலை சொல்லுங்கள். ஆள் கூடினால் மீதியைத் திருப்பிக் கொடுங்கள். பாதித் தொகை முன்பணம், முடிவுத் தேதி, ஆர்டர் போனபின் விலகினால் முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனை ஆகியவை முதல் நாளே தெரிய வேண்டும். ஜிஎஸ்டி, பார்சல் கூலி, கிளாம்ப் சேர்த்த விலையா என்பதும். ஒருங்கிணைப்பவர் தன் உழைப்புக்கு ஏதாவது எடுத்துக்கொள்வது தவறில்லை, அதை மறைப்பதுதான் தவறு.

சரக்கு வந்ததும் எண்ணிப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். லேத் பட்டறையில் இரண்டு முனைக்கும் அலுமினியத்தில் அளவுக்கட்டை கடைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைப்பையும் அதில் ஏற்றிப் பாருங்கள். உள்ளே விளக்கடித்து, வெட்டிய சிலிக்கான் துணுக்கோ அலுமினியச் சுருளோ கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டர்போவின் வீல் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. ஒரு சிறு துணுக்கு போதும் இறக்கையைக் கடிக்க. துடைத்தபின் இரு வாயையும் மூடிப் பொட்டலம் கட்டுங்கள்.

கிளாம்பில் உட்புறம் வழவழப்பாக இருப்பதையே வாங்குங்கள். துளையுள்ள சாதாரண கிளாம்ப் சிலிக்கானை அறுக்கும். பிளாஸ்டிக் வாயில் டி-போல்ட் கிளாம்பை (போல்ட் நட்டால் பலமாக இறுக்கும் வகை) போட்டு முறுக்கினால் வாய் விரிசல் விடும். முதல் சில நாள் ஓடி ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும் என்று பொட்டலத்தில் ஒரு சீட்டு வையுங்கள்.

இருபதுக்கு இரண்டு பைப் கூடுதலாகச் செய்து வையுங்கள். அச்சு யாருக்குச் சொந்தம், எங்கே இருக்கும், அடுத்த ஆர்டருக்கு யார் கேட்டால் கொடுக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.