பி.டி. பீரியடை யாருக்கும் கொடுக்காதீர்கள்

பள்ளிக்கு உடல்நலக் கொள்கை எழுத உட்காரும் ஆசிரியர்களுக்கு, பதினெட்டு வருடம் விசில் ஊதியவனாகச் சொல்கிறேன்: முதலில் கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள். இடைவேளையில் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் ஐந்து ரூபாய் மசாலா பாக்கெட்டும் கலர் ஐஸும்தான் இருந்தன.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. அதற்காகக் கடைக்கார அக்காவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் பிழைப்பு வேண்டும். நாங்கள் சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா வைக்கச் சொன்னோம். மிளகாய்ப்பொடி லேசாகத் தூவிய கொய்யாதான் முதலில் தீர்ந்தது.

அப்புறம், சத்துணவில் முட்டையைத் தின்றுவிட்டுக் கீரையை ஒதுக்கும் பிள்ளைகளோடு ஆசிரியரும் தட்டோடு உட்கார வேண்டும். இதையும் கொள்கையில் எழுதுங்கள்.

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரி 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிடைப்பதோ வாரத்துக்கு இரண்டு பீரியட். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிவிடுகிறார்கள். எனக்குத் தீராத வருத்தம் இதுதான். "விளையாட்டுப் பீரியடை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது, தண்டனையாகவும் நிறுத்தக் கூடாது" என்று ஒரு வரி எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் தனி நேரம் ஒதுக்குங்கள்; இல்லாவிட்டால் பெரிய பையன்களின் கிரிக்கெட்டே முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கோகோவுக்கு இரண்டு கம்பம் நட்டால் போதும், பந்துகூட வேண்டாம்.